ஒரே வயல், இரண்டு மனுக்கள்: குச்சனூரிலிருந்து சில நிலக்கோடுகள்

1

ஆடி மாதச் சனிக்கிழமைகளில் சின்னமனூரிலிருந்து குச்சனூருக்கு பஸ்ஸில் போவது லேசுப்பட்ட காரியமில்லை. சுயம்பு சனீஸ்வரனைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வரும் கூட்டம். சுரபி நதியில் முழுக்கு, எள் தீபம், காக்கைக்குச் சோறு, சோணைக் கருப்பணசாமிக்கு பாட்டில் பாட்டிலாக மது. இத்தனையையும் தாண்டி பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் இரண்டு பக்கமும் நெல்வயல். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் இருபோக நஞ்சை. வயல்களுக்கு நடுவே திடீரென்று மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்வரிசை, செம்மண் பாதை, ஒரு வளைவு, ஏதாவது ஒரு 'நகர்' பெயர்ப்பலகை. பிறகு மறுபடி நெல்.

அந்தக் கல்வரிசைகளில் ஒன்று எங்கள் குடும்பத்து வயலில் நிற்கிறது. ஒன்றே முக்கால் ஏக்கர். என் பெரியப்பா இறந்தபின் அவருடைய தகரப் பெட்டியைக் குடைந்தபோது, அந்த வயலைப் பற்றிய இரண்டு மனுக்களின் நகல்கள் கிடைத்தன. முதல் மனு 1980களில் எழுதியது. ஊருக்குக் கிழக்கே இருந்த காலனியில் இடம் போதவில்லையென்று, வீட்டுமனைக்காக இந்த வயலை அரசு எடுக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. அதற்கு ஆட்சேபணை: 'மேற்படி நிலம் இருபோக நஞ்சை. உணவு உற்பத்திக்கு இன்றியமையாதது. இதை மனையாக்குவது விவசாயத்தையே அழிப்பதாகும்.' நல்ல கையெழுத்து. என்னுடைய கையெழுத்து. அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்; பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். 'உணவு உற்பத்திக்கு இன்றியமையாதது' என்பது நானாகச் சேர்த்தது.

இரண்டாவது மனு 2017இல், கம்ப்யூட்டரில் அடித்தது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே பெரியப்பா அந்த வயலைத் துண்டு போட்டு விற்றுவிட்டிருந்தார். விற்காமல் கையில் வைத்திருந்த நாலு மனைகளை வரன்முறைப்படுத்தக் கேட்கிறார்: 'மேற்படி நிலத்தில் தண்ணீர் சரிவரக் கிடைக்காததால் நீண்டகாலமாக விவசாயம் செய்யப்படவில்லை.'

முதல் மனுவின்போது பெரியப்பா சொன்னது ஞாபகத்தில் இருக்கிறது: "வெள்ளாம நெலத்துல வீட்டக் கட்டிட்டா நாளைக்கு என்னத்தடா திம்பீக?" இரண்டாவது மனுவின்போது சொன்னதும் ஞாபகம் இருக்கிறது: "இந்த மண்ணுல இனி என்னத்த வெளையப்போவுது?" இரண்டும் ஒரே வாய். இரண்டு தடவையும் அலுவலகம் அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டது. காலனிக்காரர்களுக்கு அந்த நிலம் கிடைக்கவில்லை. மனை வாங்கியவர்களில் காலனிக்காரர் ஒருவர்கூட இல்லை.

நில மண்டலங்கள் பற்றி நம் பக்கங்களில் பேசும்போது, மண்டலம் என்பது நிலத்தின்மேல் விழும் கோடு என்றே எடுத்துக்கொள்கிறோம். இது காடு, இது வயல், இது தொழிற்சாலை. கோட்டை மீறுகிறவன் எதிரி, காப்பவன் நண்பன். அந்தத் தகரப் பெட்டியைத் திறந்ததிலிருந்து எனக்கு இந்தக் கணக்கு உதவவில்லை. கோடு நிலத்தைப் பிரிப்பதற்கு முன்பே மனிதர்களைப் பிரித்துவிடுகிறது: நிலத்தைப் பற்றி மனுப்போடத் தகுதி உள்ளவர், இல்லாதவர் என்று. கம்பம் பள்ளத்தாக்கின் கடந்த நூற்று முப்பது வருஷத்துக் கதையை இந்தக் கண்ணோடு வாசித்துப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

2

பள்ளத்தாக்கின் முதல் பெரிய மண்டலக் கோட்டைப் போட்டது தண்ணீர். அதாவது, தண்ணீரைப் பற்றிய பத்திரம். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மகாராஜாவும் பிரிட்டிஷ் இந்திய அரசும் செய்துகொண்ட குத்தகை. 999 வருஷம், 8,000 ஏக்கர் நீர்ப்பிடிப்பு, ஏக்கருக்கு 5 ரூபாய், வருஷத்துக்கு 40,000 ரூபாய். 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த அணை, மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றைச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பியது. இன்று பள்ளத்தாக்கில் பென்னிகுக் படம் இல்லாத வீடு குறைவு. குழந்தைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அந்தத் திட்டத்தின் கண் மேலூர், மதுரைப் பக்கத்துப் பாசனத்தின்மேல் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கு தண்ணீர் போகிற வழி. வழியில் ஏற்கெனவே பழைய அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் இருந்ததால், அவற்றின்கீழ் இருந்த வயல்களுக்கு உறுதியான தண்ணீர் கிடைத்தது. அவை இருபோக நஞ்சையாயின. இன்றும் கூடலூரிலிருந்து தொடங்கும் இந்த ஆயக்கட்டு 14,707 ஏக்கர் என்று ஏக்கர் சுத்தமாக அரசாணைகளில் வருகிறது. முதல் போகத்துக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறந்தால் பாசனத்துக்கு 200 கனஅடி, குடிநீருக்கு 100 கனஅடி.

14,707 என்பது வெறும் எண் அல்ல, எல்லை. அதற்கு உள்ளே இருப்பவன் தண்ணீரைக் கேட்க உரிமை உள்ளவன். வெளியே இருப்பவன் மிச்சத்துக்குக் காத்திருப்பவன். மேற்குமலை அடிவாரம் வழியாகத் தேவாரம் பக்கம் போகும் பதினெட்டாம் கால்வாய் புஞ்சைக் காடுகளுக்காகவும் கண்மாய்களுக்காகவும் வெட்டப்பட்டது. அதில் தண்ணீர் வருவது மேலே அணையில் நீர் இருந்து, கீழே வைகைப் பாசனத்துக்குப் போக மிச்சமும் இருந்தால்தான். வருஷா வருஷம் தண்ணீர் திறக்கச்சொல்லிப் புஞ்சைக்காரர்கள் மறியல் செய்கிறார்கள். ஆற்றோரம் ஒரு துண்டு நஞ்சையை வாங்கி, அதில் கிணறு வெட்டி, அங்கிருந்து மைல் கணக்கில் குழாய் பதித்துத் தன் தென்னந்தோப்புக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். இதற்காகப் பழைய ஆயக்கட்டுக்காரர்களுக்கும் அவர்களுக்கும் நடக்கும் தகராறு இங்கே தெரிந்த கதை. கோட்டைத் தாண்ட வேண்டுமானால் கோட்டுக்குள் ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும். வாங்க முடிந்தவன் தாண்டுகிறான்.

1979இல் அணையின் பாதுகாப்பு பற்றிய பயத்தில் நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கினார்கள். 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று உறுதியாகச் சொல்லும்வரை முப்பத்தைந்து வருஷம். இந்த அடிக்கணக்குகளைப் பற்றி இரண்டு மாநிலங்களும் பேசியது மலைபோல் குவிந்து கிடக்கிறது. நீர் குறைந்தால் விவசாயிக்கு எவ்வளவு நஷ்டம் என்று பேசினார்கள். ஒரு போகம் போனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் கதிர் அறுப்புக்கும் போகிறவர்களுக்கு எத்தனை நாள் கூலி போகும் என்று ஒரு தரப்பும் மனுவில் எழுதியதாக நான் வாசித்ததில்லை. ஆயக்கட்டுப் பதிவேட்டில் ஏக்கர் உண்டு, ஆள்நாள் கிடையாது.

3

குச்சனூர் வயலில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலை கேரளா. மொழிவழி மாநிலங்கள் 1956இல் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கம் போயின. அதற்காக நேசமணி தலைமையில் நடந்த போராட்டம் நமக்குத் தெரியும். அந்தக் கோடு விழுந்த பிறகும் விடியற்காலை ஜீப்புகள் நிற்கவில்லை. கம்பம், உத்தமபாளையம், போடியிலிருந்து குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள், பொழுதுசாயத் திரும்புகிறார்கள். பள்ளத்தாக்கில் நெல்வேலை குறைந்த வீடுகளுக்கு மலைதான் கஞ்சி ஊற்றுகிறது.

அந்த மலையின் மேலும் ஒரு கோடு இருக்கிறது, அது விசித்திரமானது. 1897இல் திருவிதாங்கூர் அரசு ஏலமலைக் காப்புப் பகுதியை அறிவித்தது. எவ்வளவு ஏக்கர்? 15,720 என்கிறது கேரள அரசு. 2,15,720 என்கிறார்கள் வழக்குத் தொடுத்த சூழலியலாளர்கள். ஒரு '2' இருக்கிறதா இல்லையா என்பதுதான் தகராறு. நூறு வருஷத்துக்கு மேல் வருவாய்த்துறை நிலத்தையும் வனத்துறை மரத்தையும் தனித்தனியாக ஆண்ட இடம் அது. 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அங்கே புதிதாகப் பட்டா கொடுப்பதை நிறுத்திவைத்தது. அந்த '2' இருந்தால் இரண்டு லட்சம் ஏக்கர் காடு, இல்லாவிட்டால் தோட்டம். இரண்டில் எதுவானாலும் ஏலக்காய் எடுக்கிற பெண்ணுக்கு அதில் ஒரு வரி கிடையாது.

இந்தப் பின்புலத்தில்தான் மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய இரண்டு அறிக்கைகளை வாசிக்க வேண்டும். மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011இல் கொடுத்த அறிக்கை, மலைத்தொடர் முழுவதையும் சூழல் கூருணர்வுப் பகுதியாக எடுத்துக்கொண்டு, அதை மூன்று படிநிலை மண்டலங்களாகப் பிரித்தது. கோடு இறுதியானதல்ல, கிராமசபைகள் பேசித் திருத்த வேண்டும் என்றும் சொன்னது. 2013இல் கஸ்தூரிரங்கன் குழு அதைத் தள்ளிவைத்து, செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு 'இயற்கை நிலப்பரப்பு', 'பண்பாட்டு நிலப்பரப்பு' என்று பிரித்தது. மலைத்தொடரில் சுமார் 37 சதவீதம் மட்டும் கூருணர்வுப் பகுதி. மனிதர்கள் பயிர் செய்யும் இடம் பண்பாடு. மனிதர் இல்லாத இடம் இயற்கை. ஜீப்பில் மலையேறிப் பொழுதுசாய இறங்கும் பெண் இந்த இரண்டில் எதைச் சேர்ந்தவள் என்பதைச் செயற்கைக்கோள் சொல்லாது.

2013 நவம்பரில் இடுக்கி கொந்தளித்தது. கடையடைப்பு, மறியல், மலைநாட்டுப் பாதுகாப்பு சமிதி, மேடைகளில் பாதிரியார்கள். 2014 தேர்தலில் அந்தச் சமிதியின் வழக்குரைஞர் இடதுசாரி ஆதரவோடு எம்.பி. ஆனார். 'குடியேறிய சிறு விவசாயியின் கோபம்' என்றுதான் அன்று நம்மில் பலரும் எழுதினோம். கோபம் உண்மைதான். சிறு விவசாயியின் முதுகுக்குப் பின்னால் குவாரிக்காரரும் ரிசார்ட்காரரும் நின்றிருந்தார்கள் என்பதும் உண்மை. தோட்டத் தொழிலாளி அந்த ஊர்வலத்தில் வந்தாலும் அவளுக்கென்று ஒரு கோரிக்கை அதில் இல்லை. 2014இலிருந்து மத்திய அரசு வரைவு அறிவிப்பை வெளியிடுகிறது, காலாவதியாக விடுகிறது, மறுபடி வெளியிடுகிறது. ஆறாவது வரைவு 2024 ஜூலை 31இல் வந்தது, வயநாட்டு நிலச்சரிவுக்கு மறுநாள். தமிழ்நாட்டில் 6,914 சதுர கிலோமீட்டர் என்று ஒரு எண்ணும் அதில் இருக்கிறது. காட்கில் கேட்ட கிராமசபைப் பேச்சு எங்கும் நடக்கவில்லை. கோடு நின்றது, பேச்சு உதிர்ந்துவிட்டது.

4

ஒரு மண்டலம் எதைத் தடுக்கிறதோ அது காணாமல் போய்விடுவதில்லை. கோடு இல்லாத இடத்துக்குப் போகிறது. குச்சனூருக்கு மேற்கே பொட்டிப்புரத்தில் இதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்கு ஒட்டிய இடம் என்பதால் 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது. அடுத்து எங்கள் பள்ளத்தாக்கின் சுருளியாறு பேசப்பட்டது. அது அடர்ந்த காடு, வேண்டாம் என்றாயிற்று. கடைசியில் போடி மேற்கு மலைக்கு வந்தார்கள். பொட்டிப்புரத்து அம்பரப்பர் மலை. அடிவாரத்தில் மாநில அரசு கொடுத்த 66 ஏக்கர் நிலம் புறம்போக்கு. மலைக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், 50,000 டன் இரும்பில் ஒரு கருவி.

புறம்போக்கு என்ற சொல்லைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம். தீர்வைக் கணக்குக்குப் 'புறம்பாகப் போனது' புறம்போக்கு. வரி வராத இடம். ஆகவே யாருக்கும் சொந்தமில்லாத இடம். ஆகவே எதற்கும் கொடுக்கலாம். அங்கே ஆடு மேய்ந்ததும், மாடு போனதும், விறகு பொறுக்கியதும், சாமி கும்பிட்டதும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நம் பேச்சுவழக்கில் அது வசைச்சொல்லாகவும் ஆனது தற்செயல் இல்லை. புலிக்கு மண்டலம் இருந்தது. அது சிங்காராவில் காப்பாற்றியது. மரத்துக்கு மண்டலம் இருந்தது. அது சுருளியாற்றில் காப்பாற்றியது. ஆடு மேய்க்கிறவனுக்கு மண்டலம் இல்லை.

பிறகு வழக்குகள் எதைச் சுற்றி நடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. காரணம்: கேரளத்து மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் இந்த இடம் வருகிறது. 2018இல் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அதை ஏற்றது, தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்றது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசே இது புலிகளின் வழித்தடம் என்று சொல்லி உச்சநீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது.

நாம் மகிழ்ந்தோம். நானும் மகிழ்ந்தேன். ஆனால் எதை வைத்துச் சண்டை போட்டோம்? கிராமசபையில் தீர்மானம் போட்ட மக்களின் வார்த்தை வழக்கைத் தாங்கவில்லை. பக்கத்து மாநிலப் பூங்காவின் எல்லையும் புலியின் காலடியும்தான் தாங்கின. நம்முடைய இடத்தைக் காக்க இன்னொரு மண்டலத்தின் நிழலில் ஒதுங்கினோம். அந்த நிழல் நாளைக்கு அடிவாரத்து ஆட்டுக்கிடை மேலும் விழும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கிழக்கே வருசநாட்டு மலைக்குடிகள் எத்தனை காலமாக 'வெளியேறு' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று விசாரித்தால் போதும். புலிக்கும் ஆட்டுக்காரருக்கும் பகை என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேரையும் சேர்த்து ஒரு கோட்டுக்குள் எழுத நம் சட்டத்துக்கு எழுத்தில்லை என்றுதான் சொல்கிறேன். வன உரிமைச் சட்டம் 2006இல் அதற்கு ஒரு எழுத்தைக் கொடுத்தது. அதை எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் அலுவலகங்கள் மறுக்கின்றன.

5

இப்போது வயலுக்குத் திரும்பலாம்.

மண்டலப்படுத்தல் என்பது நகரமைப்பு நிபுணர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நவீனச் சரக்கு என்று பாடப்புத்தகம் சொல்லும். அமெரிக்காவில் 1926இல் யூக்ளிட் என்ற ஊர் சம்பந்தப்பட்ட வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் மண்டலச் சட்டத்தை ஏற்றது; அதிலிருந்து உலகமெங்கும் பரவியது. இதற்கு முன்கதை ஒன்று உண்டு. லூயிவில் நகரம் கறுப்பர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று சட்டம் போட்டது. 1917இல் அதே உச்சநீதிமன்றம் அதைத் தள்ளியது. நிறத்தின் பேரில் கோடு போடக்கூடாது என்றான பிறகு, மனையின் அளவின் பேரிலும் வீட்டின் வகையின் பேரிலும் கோடு போட்டார்கள். ஏழைக் கறுப்பர் அப்போதும் வெளியேதான் நின்றார்.

நமக்கு இந்தக் கதையைச் சொல்லித்தர அமெரிக்கா தேவையில்லை. ஊர், சேரி. வருவாய்ப் பதிவேட்டில் ஊர் நத்தம் தனி, சேரி நத்தம் தனி. குடியிருக்கும் இடம் என்று அரசு ஒத்துக்கொண்ட நிலம் நத்தம். அதைச் சுற்றி நஞ்சை. ஊர் வளர்ந்தால் ஊர்க்காரர் தன் நஞ்சையிலேயே வீடு கட்டிக்கொள்வார். சேரி வளர்ந்தால்? சுற்றியுள்ள நஞ்சை ஊர்க்காரருடையது. ஒரே வீட்டில் மூன்று குடும்பம். தாழ்த்தப்பட்டோருக்கென்று 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் எங்கே போயின என்பது தனிக்கதை. இந்தப் பக்கங்களில் அது பேசப்பட்டிருக்கிறது.

1978இல் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் எடுக்கவென்றே தனிச்சட்டம் போட்டது. நடைமுறை சுருக்கம், மாவட்ட ஆட்சியருக்கே அதிகாரம். நிலக்காரர்கள் மாநிலம் முழுக்க கோர்ட்டுக்குப் போனார்கள். தொண்ணூறுகளின் நடுவில் உச்சநீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதி செல்லும் என்றது. ஆனாலும் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஆட்சேபணை வந்துகொண்டே இருந்தது. 'இது வளமான நஞ்சை, வேறு புறம்போக்கு இருக்கிறது' என்பது அந்த ஆட்சேபணைகளில் அடிக்கடி வரும் வாசகம். நான் எழுதிய மனுவிலும் அதுவே இருந்தது. நாலு கிலோமீட்டர் தள்ளி ஓடைக்கரையில் ஒரு புறம்போக்கையும் அதில் சுட்டிக்காட்டியிருந்தோம். சில குடும்பங்களுக்கு அங்கேதான் மனை கிடைத்தது. மழைக்காலத்தில் ஓடை வீட்டுக்குள் வரும்.

1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் மண்டலத் திட்டம், முழுமைத் திட்டம் எல்லாவற்றுக்கும் வழி சொல்கிறது. மாநிலத்தின் கிராமப்புறம் பெரும்பாலும் எந்தத் திட்டத்துக்குள்ளும் வராமல் 'திட்டமில்லாப் பகுதி'யாகவே கிடந்தது. அந்த இருட்டில்தான் மஞ்சள் கற்கள் முளைத்தன. 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடைபோட்டது. பத்திர அலுவலகங்கள் வெறிச்சோடின. 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது: 2016 அக்டோபர் 20க்கு முன் விற்றிருந்தால் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். அதே 2017இல், திட்டமில்லாப் பகுதியில் விவசாய நிலத்தை மாற்றுவதற்கு என்று விதிகள் வந்தன. ஒரு கையால் கதவைச் சாத்தி, மறு கையால் அதுவரை உள்ளே வந்தவர்களுக்கு ரசீது கொடுத்தார்கள். பெரியப்பாவின் இரண்டாவது மனு அந்த ரசீதுக்காகத்தான்.

இரண்டு மனுக்களையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்கும்போது தெரிகிறது. 'நஞ்சை' மண்ணின் குணத்தைச் சொல்லும் சொல்லாக இங்கே இயங்கவில்லை. அது ஒரு வாதம். பட்டா வைத்திருப்பவன் தேவைப்படும்போது எடுக்கலாம், தேவையில்லாதபோது கீழே போடலாம். பட்டா இல்லாதவனுக்கு எதிராக எடுத்தபோது அது அசைக்க முடியாத பாறை. காசுக்கு எதிரே வந்தபோது களிமண். நான் எழுதியது பொய்யில்லை. அது நல்ல நஞ்சைதான். உண்மையை வைத்தே அநியாயம் செய்ய முடியும் என்பதை அன்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

6

2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. மீத்தேன், ஹைட்ரோகார்பனுக்கு எதிராக நெடுவாசல், கதிராமங்கலம் மக்கள் நடத்திய போராட்டங்களின் பலன் அது. யாரும் அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. சட்டத்தின் அட்டவணையை எடுத்து வாசித்தால், எண்ணெய் எரிவாயு எடுப்பு, உருக்காலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைப்பு எல்லாம் தடை. வீட்டுமனை வியாபாரம் அட்டவணையில் இல்லை. விவசாயக் கூலிகளின் வேலை பற்றியோ குத்தகைதாரர் பற்றியோ அட்டவணை பேசுவதில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எரிவாயுக் கிணறுகளையும் சட்டம் தொடவில்லை.

அந்தச் சமயம் எங்கள் பக்கத்திலும் ஒரு சின்னக் கூட்டம் போட்டோம். டெல்டாவைப் போலக் கம்பம் பள்ளத்தாக்கையும் அறிவிக்க வேண்டும் என்பது தீர்மானம். நான்தான் எழுதினேன், மறுபடியும் நல்ல கையெழுத்தில். நெல், திராட்சை, வாழை, தென்னை, 14,707 ஏக்கர் எல்லாம் வந்தன. வாசித்து முடித்ததும் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தார். எங்கள் வயலில் நடவுக்கு வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நானும் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது அக்கா என்கிறேன். அவர் இன்னும் என்னை அய்யா என்கிறார்.

"அய்யா, நீங்க சொல்றதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வயக்காடு வயக்காடாவே இருக்கட்டும், எங்களுக்கும் அதுலதான பொழப்பு. ஆனா அந்த மண்டலத்துக்குள்ள எம் மகன் எங்கன வீடு கட்டுவான்? அதையும் சேத்து எழுதுவீகளா?"

கூட்டம் கொஞ்சம் சிரித்தது. ஒரு தோழர், "அது தனிப் பிரச்சினைக்கா, அதுக்குத் தனியா மனு போடலாம்" என்றார். அவருக்கு ஒரு வயலுக்குப் போட்ட இரண்டு மனுக்களின் கதை தெரியாது. எனக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்தேன். தீர்மானம் அப்படியே நிறைவேறியது.

மண்டலங்கள் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. கோடே இல்லாவிட்டால் குவாரிக்காரனும் மனைக்காரனும்தான் ஜெயிப்பார்கள். அதைத் திட்டமில்லாப் பகுதியின் வரலாறே சொல்கிறது. மண்டலமே காப்பாற்றும் என்றும் சொல்ல முடியவில்லை. பாதுகாப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும், யாருடைய பயன்பாட்டைப் 'பயன்பாடு' என்று கணக்கில் எடுக்கிறோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மேய்ச்சல் ஒரு நிலப்பயன்பாடு. நடவுக்கூலி ஒரு நிலப்பயன்பாடு. காலனிக்கு இன்னும் பத்து வீடு கட்ட இடம் என்பதும் ஒரு நிலப்பயன்பாடு. இவை பதிவேட்டில் ஏறாதவரை, வயலைக் காப்போம் என்ற நம் முழக்கம் வயலின் சொந்தக்காரரைக் காப்போம் என்றே அலுவலகத்தில் வாசிக்கப்படும். அவர் விற்க நினைக்கும் நாளில் நம் முழக்கமும் சேர்ந்து விலைபோகும்.

ஆகவே நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். மண்டலம் கேட்டு எழுதும் எந்தத் தீர்மானத்திலும் அட்டவணை இரண்டாக இருக்கட்டும். ஒன்றில் அந்த நிலத்தில் எதெது கூடாது. இன்னொன்றில், அந்த நிலத்தை நம்பிப் பட்டா இல்லாமல் பிழைக்கிறவர்கள் யார், அவர்களுக்கு எதெது உண்டு: வீட்டுமனை, மேய்ச்சல், வேலை. இரண்டாவது அட்டவணை தயாராகாமல் முதல் அட்டவணையை அனுப்புவதில்லை என்று நமக்கு நாமே விதி வைத்துக்கொள்ளலாம். காட்கில் அறிக்கை கேட்ட கிராமசபைப் பேச்சுக்கு அதுதான் தொடக்கமாக இருக்க முடியும். நேரமெடுக்கும். கூட்டம் பாதியில் முறியும். ஊர்த்தெருவும் காலனியும் ஒரே பாயில் உட்கார வேண்டியிருக்கும். அதைச் செய்ய முடியாத நம்முடைய தயக்கத்தைத்தான் இத்தனை நாளும் நிபுணர்களின் வரைபடத்தில் மறைத்துவைத்திருந்தோமோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

போன ஆடியிலும் குச்சனூர் போனேன். எங்கள் வயலில் பாதி மனைகளில் இன்னும் வீடு எழவில்லை. வாங்கியவர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். விலை ஏறக் காத்திருக்கிறார்கள். கற்களுக்கு நடுவில் கோரை வளர்ந்து கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. காலனிக்கார அக்கா வீட்டுக்குப் போனேன். மகனும் மருமகளும் முன்னறையில், அக்கா திண்ணையில். மழைக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அந்த முதல் மனுவை எழுதியது நான்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"தெரியும்யா. அப்பவே சொன்னாக" என்றார். பிறகு காப்பி போடச்சொல்லி மருமகளைக் கூப்பிட்டார்.